‘பாதுகாப்பானது’ என்றால் யாருக்கு? என்ஜின் பிசுக்கு நீக்கிகளின் லேபிளுக்கு ஒரு மதிப்புரை

வாசகர்களே, புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். இம்முறை நாம் ஒரு புட்டியின்மேல் ஒட்டியுள்ள லேபிளுக்கு மதிப்புரை எழுதப் போகிறோம். உள்ளங்கை அகலமே உள்ள காகிதம்; அதில் இருப்பவை சில பத்துச் சொற்கள். இவ்வளவு சிறிய எழுத்துக்கு ஒரு கட்டுரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாவல் பிழையாக எழுதப்பட்டிருந்தால் நமக்கு நட்டம் சில மணி நேரம். இந்த லேபிள் பிழையாக எழுதப்பட்டிருந்தால் நட்டம் ஒருவருடைய கைத்தோலாக இருக்கலாம். ஒரு காரின் என்ஜினாக இருக்கலாம். ஒரு தெருவின் குடிநீர்க் கிணறாகவும் இருக்கலாம்.

திருவண்ணாமலைக்கு வாருங்கள். பௌர்ணமி கழிந்த மறுநாள் காலை. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த பக்தர்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த வேன்களும் வாடகைக் கார்களும் வாட்டர் வாஷ் நிலையங்களில் வரிசையாக நிற்கின்றன. பானெட்டைத் திறந்தால் உள்ளே செம்மண் புழுதியும் கசிந்த எண்ணெயும் கலந்து கருந்தார்போல் அப்பிக் கிடக்கிறது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வெறுங்கையில் பிரஷ்ஷுடன் குனிகிறார். பக்கத்தில் ஒரு புட்டி.

“அண்ணே, இது கையில பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாதுடா தம்பி. சேஃப்னு போட்டிருக்கான் பாரு.”

பெரிய ஆங்கில எழுத்தில் அந்தச் சொல் இருப்பது உண்மைதான். நம் மதிப்புரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

பிசுக்கு என்பது என்ன?

குத்துவிளக்கின் அடியில் படியும் பிசுக்கையும் என்ஜின்மேல் படியும் பிசுக்கையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். கைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் வேதியியலுக்கு அவை வெவ்வேறு. விளக்கில் எரிப்பது நல்லெண்ணெய், நெய் முதலிய உயிர்ப்பொருள் கொழுப்பு. காரத்தைச் சேர்த்தால் இந்தக் கொழுப்பு சோப்பாகவே மாறிவிடும். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதில் இந்த உண்மை இருந்தது. சாம்பலில் உள்ள காரம் பிசுக்கின் ஒரு பகுதியைச் சோப்பாக்கி நீரில் கரையச் செய்தது.

என்ஜின் எண்ணெய் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த பெட்ரோலியத்திலிருந்து வருவது. வெறும் கரியும் ஹைடிரஜனும் கோத்த நீண்ட சங்கிலி அது. காரத்தை எவ்வளவு ஊற்றினாலும் இது சோப்பாகாது. ஆகவே “சமையலறைப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் மருந்து என்ஜினுக்கும் நல்லது” என்ற அறிவுரை அடிப்படையிலேயே தவறு. அந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. சமையலறையில் அது வேலை செய்யக் காரணம் அங்கே படிவது தாளிப்பு எண்ணெய் என்பதுதான்.

அப்படியானால் கனிம எண்ணெயை எப்படி அகற்றுவது? வழி இரண்டு. ஒன்று, மண்ணெண்ணெய் போன்ற இன்னோர் எண்ணெயால் கரைப்பது. மற்றொன்று, எண்ணெயை நுண் துளிகளாக உடைத்து நீரில் மிதக்க விடுவது. இரண்டாவது வழி நமக்குப் புதிதன்று. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் சீயக்காய் செய்வது இதுவே. சீயக்காயில் உள்ள சப்போனின் என்ற பொருளின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறுமுனை நீரைப் பிடிக்கும். இவ்வகைப் பொருள்களைப் பரப்பு இயங்கு பொருள்கள் என்கிறோம். சோப்பும் சலவைத் தூளும் நீர் கலந்த பிசுக்கு நீக்கிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஒரு சொல்லின் வரலாறு

‘பாதுகாப்பானது’ என்ற சொல் பிசுக்கு நீக்கிகளின்மேல் ஒட்டப்படுவது இன்று நேற்றன்று. அதன் வரலாற்றைப் பார்த்தால் நமக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கும்.

முதலில் பெட்ரோலால் துடைத்தார்கள். தீப்பிடித்தது. தீப்பிடிக்காத ஒன்று வேண்டும் என்று கார்பன் டெட்ராகுளோரைடைக் கொண்டுவந்தார்கள். அது எரியாது என்பதோடு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீயணைக்கும் கருவிகளிலேயே அதை நிரப்பி வைத்தார்கள். இதைவிடப் பாதுகாப்பானது வேறென்ன என்று எண்ணினார்கள். பிறகுதான் அதன் ஆவி கல்லீரலைக் கெடுக்கும் என்பதும், அது சூடான உலோகத்தின்மேல் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகக்கூடும் என்பதும் உறைத்தன. முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற வாயு பாஸ்ஜீன். மேலே போய் ஓசோன் படலத்தையும் கார்பன் டெட்ராகுளோரைடு அரிக்கிறது என்று தெரிந்தபின், மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு இந்தியாவிலும் இத்தகைய பயன்பாடுகளிலிருந்து அது விலக்கப்பட்டது.

அடுத்து டிரைகுளோரோ எத்திலீன் தொழிற்சாலைகளில் பெரும் பிசுக்கு நீக்கியாக விளங்கியது. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் நகரின் இரண்டு பொதுக் கிணறுகள் மூடப்பட்டன. நீரில் இந்தப் பொருள் கலந்திருந்ததே காரணம். அந்நகரில் குழந்தைகள் பலருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கு உலகப் புகழ் பெற்றது. 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதன் பயன்பாடுகள் அனைத்தையும் படிப்படியாகத் தடை செய்யும் விதியை வெளியிட்டது.

குளோரின் உள்ளவை வேண்டாம் என்று சில பிரேக் கிளீனர்களில் ஹெக்சேனைச் சேர்த்தார்கள். கலிபோர்னியாவில் வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலருக்குக் கை கால் மரத்துப் போயின. தசை வலிமை குன்றியது. ஹெக்சேன் நரம்புகளைத் தாக்கியதே இதற்குக் காரணம் என்று 2001இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் வார இதழ் விவரித்தது.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் முந்தைய பொருளின் குறை ஒன்றே ஒன்று நீங்கியது. அந்த ஒன்று நீங்கியதையே ‘பாதுகாப்பானது’ என்று எழுதினார்கள். தீப்பிடிக்காதது கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்று யாரும் நிறுவவில்லை. வாங்கியவர் அப்படி எடுத்துக்கொண்டார். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது, ‘எதிலிருந்து? யாருக்கு?’ என்பதே.

கேள்வி ஒன்று: தீ

ஒரு திரவத்தின் ஆவி, தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பார்கள். பெட்ரோலுக்கு இது சுழிக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊரில் பெட்ரோல் எப்போதும் தீக்குத் தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 35 டிகிரி. இந்த எண்ணைக் கண்டு நிம்மதி கொள்ளாதீர்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் திருவண்ணாமலையில் நிழலிலேயே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். பொறியே இல்லாமல், சூட்டால் மட்டும் மண்ணெண்ணெய் ஆவி சுமார் 220 டிகிரியில் தானே பற்றிக்கொள்ளும். ஓடி நின்ற வண்டியின் புகைக்குழாய் இணைப்பு இதைவிடச் சூடாக இருக்கக்கூடும். பக்கத்திலேயே பாட்டரி இருக்கிறது. மின்னேற்றத்தின்போது அதிலிருந்து ஹைடிரஜன் வெளிவருகிறது. பானெட்டுக்குள் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தெளிப்பவர் அடுப்பங்கரையில் எண்ணெயைச் சிந்துபவருக்கு ஒப்பானவர்.

கேள்வி இரண்டு: உடல்

ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் விடைபெற்றது. பென்சீன் விடைபெறவில்லை. இன்றைய பெட்ரோலிலும் 1 விழுக்காடு வரை அதற்கு இடமுண்டு. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. பெட்ரோலில் கை கழுவும் பட்டறைத் தொழிலாளி ஒவ்வொரு நாளும் அதைச் சுவாசிக்கிறார். கைத்தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் இழக்கிறார். அந்தப் பசை போன தோல் வெடிக்கும். வெடிப்பின் வழியே மற்றவை உள்ளே நுழையும்.

நீர் கலந்த பிசுக்கு நீக்கிகளில் மணமே இல்லாமல் இருக்கக்கூடும். மணமில்லை என்பதால் தீங்கில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அவற்றில் சிலவற்றில் பூட்டாக்சி எத்தனால் என்ற கரைப்பான் சேர்க்கப்படுகிறது. அது தோலின் வழியாகவே உடலுக்குள் புகும். ஆகையால் நைட்ரைல் கையுறை அவசியம். சாதாரண ரப்பர்க் கையுறை பெட்ரோலியக் கரைப்பான்களில் ஊறி உப்பிவிடும்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மண்ணெண்ணெயையோ பிசுக்கு நீக்கியையோ கூல்டிரிங்க்ஸ் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். குழந்தைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை ஒருபோதும் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் புகுவதே உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி மூன்று: உலோகமும் ரப்பரும்

வீட்டில் அலுமினிய இட்லிப் பானையைச் சோடா போட்டுத் துலக்கினால் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியத்தின்மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுவே அதன் கவசம். அமிலமும் காரமும் மிஞ்சாத நிலையில், பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 9 வரை, அந்தக் கவசம் நிலைத்து நிற்கும். காஸ்டிக் சோடாக் கரைசலின் பி.எச். 12க்கும் மேலே. கவசம் கரைகிறது, அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படுகிறது, ஹைடிரஜன் வாயு கிளம்புகிறது. இன்றைய கார்களின் சிலிண்டர் தலை, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் கூடு ஆகியவை பெரும்பாலும் அலுமினியக் கலவைகளே. ஒரே கழுவில் ‘பளபளப்பு’ காட்டும் மருந்து, உலோகத்தின் மேல்தோலை உரித்தே அதைக் காட்டுகிறது என்பதும் உண்டு.

ரப்பரின் கதை வேறு. எரிபொருள் குழாய்க்கான ரப்பர் எண்ணெயைத் தாங்கும்படி செய்யப்பட்டது. ரேடியேட்டர் குழாய் பெரும்பாலும் சுடுநீரைத் தாங்கும் ரப்பரால் ஆனது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பித் தளர்ந்துவிடும். மண்ணெண்ணெயால் கழுவிய வண்டி அன்றைக்கு அழகாக இருக்கும். சில மாதம் கழித்து ஏதோவொரு மலைப்பாதையில் குழாய் வெடிக்கும்போது யாரும் அந்தக் கழுவலை நினைத்துப் பார்ப்பதில்லை.

கேள்வி நான்கு: நீர்

லேபிள்கள் மிகக் குறைவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். திருவண்ணாமலையோ மிக அதிகமாகக் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரிய ஊர் இது. நெருப்பை நாம் கண்ணால் காண்கிறோம், அஞ்சுகிறோம். நீருக்கு நேர்வதை அப்படிக் காண முடிவதில்லை.

இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்ல வடிகட்டப்பட்டுக் கீழே இறங்கும். கடினப் பாறையில் நீர் தங்குவது வெடிப்புகளிலும் பிளவுகளிலும்தான். அந்தப் பிளவின் வழியே இறங்கும் அழுக்கை வடிகட்ட அங்கே பெரிதாக எதுவும் இல்லை. வாட்டர் வாஷ் நிலையத்தின் வடிகால் ஒரு பிளவுக்கு மேலே இருந்தால், பக்கத்துத் தெரு ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவு. மிச்சம் ஓடுவது சாக்கடைக்கும், அங்கிருந்து தாழ்வான ஏரி குளங்களுக்கும்.

இப்போது பரப்பு இயங்கு பொருளின் வேலையை மறுபடி நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது எண்ணெயை அழிப்பதில்லை. நுண் துளிகளாக உடைத்து நீரில் கலக்கிறது; அவ்வளவுதான். உடையாத எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று கட்டினால் மேலாக வழித்து எடுத்துவிடலாம். பிசுக்கு நீக்கி பட்டுப் பால்போல் கலங்கிய எண்ணெயோ எளிதில் பிரியாது. அந்தத் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். ‘எண்ணெயை மாயமாக மறையச் செய்யும்’ என்று ஒரு லேபிள் பெருமை பேசினால், அது எங்கே போய் மறைகிறது என்று கேட்பது நம் கடமை.

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது? என்ஜினில் வெந்து பழகிய எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கவல்ல பல்வளைய ஹைடிரோகார்பன்களும், தேய்ந்த உலோகங்களின் துகள்களும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு காரில் மாற்றிக் கழித்த எண்ணெய் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பானெட்டுக்குள் அப்பியிருப்பது அவ்வளவு இராது. ஆனால் பௌர்ணமிதோறும் கழுவப்படும் வண்டிகளின் வரிசையை எண்ணிப் பாருங்கள்.

‘இயற்கை’, ‘மக்கும்’: இரண்டு புகழுரைகள்

இனி லேபிளின் அழகுச் சொற்களுக்கு வருவோம்.

‘இயற்கையானது, ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்தது’ என்று சில புட்டிகள் சொல்லும். அந்தப் பொருளின் பெயர் லிமோனின். நல்ல கரைப்பான்; மணமும் இனியது. அதன் தீப்பற்று நிலை சுமார் 48 டிகிரி. மண்ணெண்ணெயைவிட அதிக தூரத்தில் இல்லை. காற்றுப் பட்டுப் பழையதானால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் மிகுந்த நச்சு. எட்டிக்காயும் இயற்கையானதுதான் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

‘மக்கும் தன்மையது’ என்பது அடுத்த புகழுரை. எதில், எத்தனை நாளில் என்று சொல்லாத மக்கல் பொருளற்றது. எளிதில் மக்கும் என்று கூறுவதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட சோதனைகள் உண்டு. அவற்றில் 28 நாளுக்குள் பொருளின் 60 அல்லது 70 விழுக்காடு, சோதனை முறைக்கேற்ப, நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்ப்பொருள் சிதைந்து பிறக்கும் சேய்ப்பொருள் அதைவிடக் கொடியதாக இருக்கலாம். நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டு என்ற மலிவான பரப்பு இயங்கு பொருள் அப்படிப்பட்டது. அது சிதைந்து உண்டாகும் நோனைல்பீனால் மீன்களின் உடலில் பெண்பால் ஹார்மோனைப் போல் நடந்துகொள்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2003ஆம் ஆண்டின் ஆணையின் மூலம் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின.

எல்லாவற்றுக்கும் மேலாக, மக்குவது மருந்துதான். மருந்து கழுவிக் கொண்டுபோகும் கறுப்பு எண்ணெய் மக்குவதாக எந்த லேபிளும் சொல்லவில்லை. படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது. இலக்கியத்தில் சொல்லாமல் சொல்வது அழகு. வணிகத்தில் அது குற்றத்துக்கு அருகில் வருகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கடிவாளம் வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ‘பசுமையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சொல்லும் நிறுவனம் அதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவர்மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எழுத்தின் அளவும் மொழியும்

மதிப்புரையாளன் அச்சமைப்பைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது உண்டு. புகழ்ச்சொற்கள் விரல் உயரத்தில். எச்சரிக்கைகள் எறும்பு உயரத்தில். அதுவும் ஆங்கிலத்தில். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. மாநில மொழி விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. கையுறை அணிக, கண்ணில் பட்டால் நீரால் கழுவுக என்ற வாக்கியங்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ, அந்த இளைஞர் தமிழ் வழியில் படித்தவர். எச்சரிக்கையை அவர் படிக்க முடியாமல் அச்சிட்டுவிட்டு, ‘எச்சரித்தோம்’ என்று சொல்வது நியாயமாகுமா? என்னைக் கேட்டால், இந்த லேபிள்களின் மிகப் பெரிய குறை அவற்றின் வேதியியலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

எழுத்துப் புரியாவிட்டாலும் படம் புரியும். சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கின்றனவா என்று புட்டியைத் திருப்பிப் பாருங்கள். தீச்சுடர் என்றால் எரியும். கையும் உலோகமும் அரிக்கப்படும் படம் என்றால் கடுங்காரம் அல்லது கடும் அமிலம். மார்பில் வெடித்த நட்சத்திரம் என்றால் புற்றுநோய் போன்ற நெடுநாள் தீங்கு. செத்த மீனும் பட்ட மரமும் என்றால் நீர்நிலைக்கு நஞ்சு.

மொத்தமாக வாங்கும் பட்டறைக்காரர் கடைக்காரரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் 16 பகுதிகள் இருக்கும். 2ஆம் பகுதியில் ஆபத்துகள், 3இல் உட்பொருள்கள், 9இல் தீப்பற்று நிலையும் பி.எச். அளவும், 12இல் நீர்வாழ் உயிர்கள்மீதான விளைவு. நம் நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலான விடை அந்தத் தாளில் இருக்கிறது. தாளைத் தர மறுக்கும் நிறுவனத்தின் புட்டியை வாங்க வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

நான்கு கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் பெறும் பொருள் எதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் ஒன்றைப் பரிந்துரைத்தால் நானும் ஒரு லேபிள் எழுதியவன் ஆவேன். குறைந்த தீங்குள்ள முறை உண்டு. அதில் பாதி வேலை புட்டியுடையது, மீதி நம் கையுடையது.

எண்ணெய்க் குளியலில் தலையில் முதலில் நீரை ஊற்றுவதில்லை. சீயக்காயைத் தேய்த்த பிறகே ஊற்றுகிறோம். என்ஜினுக்கும் இதுவே முறை. வண்டி நன்கு ஆறட்டும். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். காற்று உள்ளிழுக்கும் வாய், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றைப் பாலித்தீன் உறையால் மூடுங்கள். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் புழுதியைத் தட்டி, கெட்டிப் பிசுக்கை மரச் சில்லால் சுரண்டி, பனியன் வேஸ்டால் துடைத்து எடுத்துவிடுங்கள். அழுக்கின் பெரும்பகுதி ஒரு சொட்டு மருந்தும் இன்றிக் கெட்டிப் பொருளாகவே வந்துவிடும். துணியோடு வந்த எண்ணெய் நீருக்குப் போகாத எண்ணெய்.

மிஞ்சியதற்கு நீர் கலந்த, பி.எச். 9க்கு மேற்படாத மென்மையான மருந்து போதும். சோதனையின் பெயரோடு ‘எளிதில் மக்கும்’ என்று சொல்வதாகவும், காஸ்டிக், குளோரின் கரைப்பான், நோனைல்பீனால் வகை ஆகியவை இல்லாததாகவும் பார்த்து வாங்குங்கள். லேசான அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பே போதுமானது. தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். உயர் அழுத்த நீர்ப் பீச்சல் வேண்டாம். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நிறைந்த இன்றைய வண்டிகளுக்கு அதுவே எமன். மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் தாங்குபவை; அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

கழற்றி எடுத்த இரும்புப் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டுமென்றால், திறந்த வெளியில், மூடியுள்ள தட்டில், நெருப்புக்கு எட்டாத் தொலைவில் கழுவலாம். அழுக்கு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். பெட்ரோல், காஸ்டிக், அமிலம், குளோரின் கரைப்பான் ஆகிய நான்கும் பானெட்டுக்குள் வரவே கூடாது.

வண்டியின் கீழே தட்டு வைத்து, சொட்டும் அழுக்கு நீரைப் பிடியுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூளால் உறிஞ்சி எடுங்கள். பட்டறையில் தனியே மூடிய தகர டப்பா ஒன்று வைத்து, அழுக்குத் துணியையும் கழிவு எண்ணெயையும் சேர்த்து வையுங்கள். கழிவு எண்ணெயை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். தெருவுக்கு நான்கு வாட்டர் வாஷ் இருக்கும் ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியே இதைச் செய்வது கடினம். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் சேகரிப்புக்கு ஒரு நாள், ஒரு வண்டி என்று ஏற்பாடு செய்ய முடியாதா?

நீங்களே செய்து பாருங்கள்

கடைசியாக ஒரு சிறு சோதனை. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் அரை அளவு நீர் நிரப்புங்கள். இரண்டிலும் பழைய என்ஜின் எண்ணெய் பத்துச் சொட்டு விடுங்கள். ஒன்றில் மட்டும் உங்கள் பிசுக்கு நீக்கியைச் சிறிது சேர்த்து, இரண்டையும் மூடிக் குலுக்கி, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மருந்து சேர்க்காததில் எண்ணெய் மேலே மிதக்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். மற்றதில் நீர் கலங்கியே நிற்கும். எதைக் கொண்டு எடுப்பீர்கள்? எடுக்க முயன்றுவிட்டு, உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு அந்தப் புட்டியையும் சாக்கடையில் கவிழ்த்துவிடாமல், பட்டறையின் கழிவு எண்ணெய் டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.

நம் மதிப்புரையின் முடிவு இது: ‘பாதுகாப்பானது’ என்ற சொல் பாதி வாக்கியம். மீதிப் பாதியைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடும்படி நாம் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, அண்ணனிடம் கேட்ட அந்தத் தம்பிக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், “முதல்ல கையுறையைப் போட்டுக்க, தட்டை எடுத்து அடியில வை” என்பதுதான்.